கதவுக்கு முட்டுக்கொடுத்த சுத்தியல்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்சு தேய்க்கும் வேலை பார்த்துவந்த அவரைத் தெருவார் நேரில் ‘கண்ணாடிக்காரர்’ என்றும், தலை மறைந்தபின் ‘பூதக்கண்ணாடி’ என்றும் குறிப்பிட்டனர். இரண்டாவது பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அதில் பொய்யொன்றும் இல்லையாதலால் அவர் வருந்தவில்லை. வாரமெல்லாம் பிறர் உலகத்தைப் பார்ப்பதற்காகக் கண்ணாடி தேய்த்துக் கொடுப்பவர், விடுமுறை நாளில் தாம் பார்ப்பதற்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளக் கூடாதா? அவர் பார்த்தது பழைய இரும்பு.

பழைய இரும்புக் கடைகளில் அவர் குந்தியிருக்கும் கோலம் ஊரறிந்தது. துருப்பிடித்த சுத்தியல், பல் போன ரம்பம், மூக்கு மழுங்கிய உளி என எது கைக்கு வந்தாலும் முதலில் கைக்குட்டையால் துடைப்பார். பிறகு கண்ணில் சிறு உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு, எங்கேனும் குறி அடித்திருக்கிறதா என்று தேடுவார். “என்ன சார், பேன் பாக்குறீங்களா?” என்பார் கடைக்காரர். “பேன் இருந்தா சொல்றேன், சீப்பு கொண்டுவாங்க” என்பார் இவர், தலை நிமிராமலே.

பிறர் கருவிகளைச் சேர்ப்பது வைத்திருப்பதற்காக. அவர் சேர்த்தது ஒரே ஒரு கேள்விக்காக: இதைச் செய்தவன் யார்?

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு காலத்தில் கைக்கருவித் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அவர் பிறப்பதற்கு முன்பே அது மூடப்பட்டு, கட்டடம் சிமெண்டுக் கிடங்காகிவிட்டது. அங்கே உலையடியில் நின்றவர்களில் ஒருவர்கூட இன்றில்லை. காகிதங்கள் ஒரு வெள்ளத்தில் போயின. மிஞ்சியவை கருவிகளும், அவற்றின்மேல் அடித்திருந்த குறிகளுமே. பெரும்பாலானவற்றில் சிறு வட்டம். சிலவற்றில் மட்டும் பிறை.

பிறையை அவர் முதன்முதலில் பார்த்தது தம் மாமியார் வீட்டில். திருமணமான புதிதில் அங்கே சென்றிருந்தபோது, கொட்டை உடைக்கும் சின்னஞ்சிறு சுத்தியல் ஒன்றின் கன்னத்தில் அது தெரிந்தது. ‘இது என்ன?’ என்று கேட்டதற்கு மாமியார், “அதுவா மாப்பிள்ளை? எங்க மாமனார் அடிக்கிற குறி. அக்கரைத் தொழிற்சாலையிலதானே அவரு காலம் பூரா வேலை பார்த்தாரு” என்றார். அவ்வளவுதான். விதை விழுந்துவிட்டது.

அதன்பின் அவர் செய்த ஆராய்ச்சியை ஒழுங்கற்றது என்று எவரும் சொல்ல முடியாது. கிடைத்த கருவிகளையெல்லாம் குறிவாரியாகப் பிரித்தார். பிறை அடித்தவை எங்கே கிடைத்தாலும் கட்டுக்குலையாமல் கிடைத்தன. முகம் வழுவழுப்பாக, விளிம்பு கூராக, நேற்றுத்தான் உலையிலிருந்து இறங்கியவைபோல். வட்டம் அடித்தவையோ தேய்ந்து, முகம் காளானாய் விரிந்து, பாதி உடல் கரைந்து கிடந்தன. ஆகவே, பிறை என்பது கைதேர்ந்த கொல்லன் ஒருவனின் முத்திரை. அவன் செய்த கருவிகளை மக்கள் பொன்போல் போற்றிப் பாதுகாத்தனர். வட்டம் என்பது கற்றுக்குட்டிகளின் சரக்கு. இவ்வாறு முடிவுகட்டி, ‘பிறைக்கொல்லர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதினார். பழம்பொருள் ஆர்வலர்களின் ஆண்டிதழ் அதைப் படங்களுடன் வெளியிட்டது. அந்தக் கொல்லர் தம் மனைவியின் தாத்தாவே என்பதையும் அதில் அடக்கத்தோடு குறிப்பிட்டிருந்தார்.

அடக்கம் அவரோடு நின்றது. மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், தச்சர். தெருக்கோடிக்கு அப்பால் பெரிய சாலையில் மரப்பட்டறை வைத்திருந்தார். கட்டுரை வந்த வாரமே பழைய பெயர்ப்பலகையை இறக்கிவிட்டு, ஆளுயரப் பிறை ஒன்றை வரைந்து மாட்டினார். கேட்டவர்களிடமெல்லாம், “எங்க ரத்தத்துல ஓடுறது ரத்தமில்ல, எஃகு” என்றார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர்தான். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் கண்ணாடிக்காரரின் மனைவி.

“பிறைக்கொல்லர்னு பேரு வெச்சாச்சு. எங்க தாத்தாதான் செஞ்சாருன்னு யாரு சொன்னது?”

“அத்தைதானே சொன்னாங்க, மாமனார் அடிக்கிற குறின்னு.”

“குறி அடிச்சாருன்னுதானே சொன்னாங்க? நானும்தான் காலையிலேருந்து முத்திரை குத்துறேன். ஊர்ல உள்ள கடிதமெல்லாம் நான் எழுதினதா?”

“உனக்கு எல்லாமே கேலி.”

“கேலி இல்லாம இந்த வீட்டுல எப்படிங்க காலம் தள்றது? கட்டிலுக்குக் கீழே கோடரி, பீரோவுக்கு மேலே உளி. திருடன் வந்தா அவனே பயந்து ஓடிருவான்.”

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு பின்னால் முள்ளாய்த் தைக்கும் என்பதை அப்போது அவர் அறியவில்லை.

ஊர் நூலகத்தின் மாடிக்கூடத்தில் அவருடைய சேகரத்தைக் காட்சிக்கு வைக்க ஏற்பாடாயிற்று. கண்ணாடிப் பெட்டிகள் வந்திறங்கின. தொடக்க நாளில் மச்சான், சேகரத்திலிருந்த தாத்தாவின் பிறைச் சம்மட்டியாலேயே ஆப்பு அடித்து, ஒரு பெரிய மரத்துண்டை எல்லோர் முன்னிலையிலும் பிளந்து காட்டுவதென்று முடிவாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களை முன்வரிசையில் உட்காரவைப்பதற்காக மச்சான் தம் செலவிலேயே குட்டி நாற்காலிகள் செய்துகொண்டிருந்தார். சம்மட்டிக்குப் பிடி இல்லை. “இதுவரைக்கும் இதை யாரும் தொடக்கூடத் துணியல மச்சான். நீங்கதான் புதுப் பிடி போடணும்” என்று சொல்லி, அந்தத் தலையைத் தம் கையாலேயே மச்சானிடம் கொடுத்தவர் கண்ணாடிக்காரர்தான். அந்தக் கொட்டைச் சுத்தியலையும் காட்சிப்பெட்டியின் நடுவில் வைக்க விரும்பினார். ஏனெனில் அதில் மட்டும் பிறைக்கு அடியில் வட்டத்தின் சாயலும் தெரிந்தது. இரட்டைக் குறி பெற்ற அது கொல்லரின் உச்சப் படைப்பு என்று கட்டுரையில் ஒரு பத்தியே எழுதியிருந்தார். தாய்வீட்டிலிருந்து அதைக் கொண்டுவந்து நாள்தோறும் சமையலறையில் புழங்கிவந்த மனைவி மறுத்துவிட்டார். “காட்சிக்கு உச்சம் வேணும்னா என்னைக் கொண்டுபோய் வெச்சுக்குங்க. சுத்தியல் வேலையா இருக்கு.”

காட்சிக்கு முந்திய நாள் பகலில், பெட்டிகளுக்குள் விரிக்கத் துணி வாங்குவதற்காக அவர் மாமியார் வீட்டுக்குப் போனார். உள்ளே நுழையும்போது பின்கட்டுக் கதவடியில் கிடந்த இரும்புக் கட்டியில் கால் பெருவிரல் மோதிக் கண்ணில் பொறி பறந்தது.

“அம்மா! என்ன அத்தை இது?”

“அது கதவு முட்டு மாப்பிள்ளை. காத்துல கதவு அடிச்சுக்காம இருக்க வெச்சிருக்கு. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அங்கதான் கிடக்கு. நீங்களும் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கீங்களே!”

உண்மைதான். ஊரிலுள்ள குப்பைமேடெல்லாம் கிளறியவர், இதை ஆயிரம் முறை தாண்டியிருந்தார். கதவுக்கு வண்ணம் அடித்தபோதெல்லாம் அதற்கும் அடித்திருந்தனர். பச்சை, அதன்மேல் நீலம், அதன்மேல் காவி எனத் தோல்மேல் தோலாக ஏறி, அது பிசைந்த களிமண் உருண்டைபோல் இருந்தது. ஆயினும் அதன் நடுவில் வண்ணம் மூடிய பள்ளம் ஒன்று தெரிந்தது. பிடித்துளை. அவர் வலியை மறந்தார், துணியையும் மறந்தார்.

அதைத் தூக்கிவந்து தம் வீட்டுக் கொல்லையில் வண்ணம் கரைக்கும் தின்னரும் மழுங்கிய பிளேடுமாக அவர் உட்கார்ந்திருந்தபோது, மனைவி துவைகல்லருகே நின்றிருந்தார். காவி போயிற்று, நீலம் போயிற்று, பச்சையும் சுருண்டு உரிந்தது. உள்ளிருந்து வெளிப்பட்டது பருமன் குறைந்த ஒரு சுத்தியல். அதன் முகத்தை உருப்பெருக்கி வழியாகப் பார்த்தார். முகம் தட்டையாக இல்லை. அதன் நடுவில், உளுந்தளவில், ஒரு பிறை புடைத்து நின்றது.

“சோப்பு! சோப்பைக் கொடு!”

“எதுக்குங்க?”

துவைக்கும் சோப்புக்கட்டியைப் பிடுங்கிச் சுத்தியலை அதன்மேல் அழுத்தினார். பிறை விழுந்தது. அதே வளைவு, அதே கூர்நுனி. அத்தனை ஆண்டுகள் தேடிய கொல்லரின் கை இதோ! குறி அடிக்கும் சுத்தியலே கிடைத்துவிட்டது. அதுவும் சொந்த மாமியார் வீட்டுக் கதவடியில்!

“பாத்தியா? கேலி பண்ணினியே! இது அவரோட கை!”

“சரி, சரி. சோப்பைக் குத்திக் குத்தியே தீர்த்துராதீங்க. அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

சுத்தியலுக்கு இரண்டு முகம் உண்டென்பதை மகிழ்ச்சியில் அவர் மறந்திருந்தார். மறுமுகத்தின் வண்ணத்தையும் சுரண்டினார். அங்கேயும் ஒன்று புடைத்து நின்றது. சோப்பில் அழுத்தினார். வட்டம்.

அவர் அதைப் பார்த்தார், பிறையைப் பார்த்தார், மீண்டும் வட்டத்தைப் பார்த்தார். கற்றுக்குட்டிகளின் குறி, கைதேர்ந்தவனின் சுத்தியலில் ஏன் இருக்கிறது?

மனைவி குனிந்து பார்த்துவிட்டு, துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “எங்க கவுண்டர்லயும் இப்படித்தான் ரெண்டு வெச்சிருக்கோம். ஒண்ணு போற தபாலுக்கு. ஒண்ணு திருப்பி அனுப்புற தபாலுக்கு.”

கண்ணாடிக்காரரின் கையிலிருந்த சோப்பு நழுவிக் கீழே விழுந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள். பூதம் எப்போதும் உறுமிக்கொண்டு வருவதில்லை. சில வேளை துணி பிழிந்துகொண்டே பேசும். அவர் எழுந்து வீட்டுக்குள் ஓடினார். மாடிப்படிக்கு அடியில், ஆராய்ச்சிக்கு உதவாதவை என்று தாம் ஒதுக்கிவைத்த வட்டக்குறிக் கருவிகளின் பெட்டியை இழுத்து வெளியே கவிழ்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். துளைகளின் உட்சுவர் கண்ணாடிபோல் பளபளத்தது. பிடி மாற்றி, ஆப்பு மாற்றித் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய வழுவழுப்பு. தேய்ந்தவை, உழைத்தவை. மோசமான எஃகினால் தேய்ந்தவை அல்ல. நல்ல எஃகாக இருந்ததால் தேயும்வரை உழைத்தவை.

பின்னர், காட்சிக்காகப் பஞ்சில் பொதிந்து வைத்திருந்த பிறைகளை அவிழ்த்தார். ஒரு கோடரித் தலையின் துளைக்குள் விளக்கைக் காட்டினார். உலையிலிருந்து இறங்கும்போது இரும்பின்மேல் படியும் கருந்தோல் அங்கே கொஞ்சமும் உரியாமல் ஒட்டியிருந்தது. அதற்குள் பிடி என்று ஒன்று ஒருநாளும் நுழைந்ததே இல்லை. அந்தக் கருமைக்குள், மயிரிழைபோல் ஒரு கோடு ஓடிற்று. அதைப் பழமையின் சுருக்கம் என்று எத்தனை முறை கடந்திருக்கிறார்! அடுத்ததை எடுத்தார். அங்கேயும் ஒரு கோடு. அதற்கடுத்த உளியில், இரும்பும் எஃகும் சேரவேண்டிய இடத்தில் ஒரு மடிப்பு. அதற்கடுத்ததில் துளை கோணல்.

பிறை அடித்தவை போற்றிப் பாதுகாக்கப்பட்டவை அல்ல. எவரும் பயன்படுத்தாமையால் பிழைத்துக் கிடந்தவை. முழுவட்டம் தேறியது, பிறை குறைப்பட்டது. தாத்தா கொல்லரே அல்லர். செய்து வந்த கருவிகளை வாங்கிப் பார்த்து, இது போகலாம், இது போகக்கூடாது என்று முகம் மாற்றி அடித்த சோதனைக்காரர். உலகத்திலேயே உயர்ந்த சேகரம் என்று அவர் நெஞ்சோடு அணைத்திருந்தது, ஒரு தொழிற்சாலையின் கழிவு மூட்டை.

“என்னங்க? ஏன் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?”

“எல்லாம் தள்ளின சாமான்.”

“எது?”

“எல்லாம். நான் சேர்த்தது எல்லாம். உங்க தாத்தா தள்ளினது.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென நிறுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை. “சம்மட்டி!”

“எந்தச் சம்மட்டி?”

“உங்க அண்ணன்கிட்ட கொடுத்தது! அதுலயும் பிறைதானே!”

கைப்பேசியில் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மரம் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் மச்சானுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. இரண்டாம் முறையும் அப்படியே. மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். அவர் பின்னால் ஏறிக்கொண்டார். கதவு முட்டை இன்னமும் கையில் பிடித்திருக்கிறோம் என்பது சாலையின் பாதியில்தான் அவருக்கு உறைத்தது. முன்னே சென்ற சைக்கிள்காரர், சுத்தியலோடு தம்மை நோக்கி வரும் மனிதரைக் கண்டு ஓரமாக ஒதுங்கினார்.

பட்டறை வாசலுக்கு வந்தபோது இயந்திரம் நின்றிருந்தது. அதற்குப் பதிலாக, டங், டங் என்று ஓர் ஓசை.

மச்சான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மரத்துண்டில் ஆப்பு பாதி இறங்கியிருந்தது. தோளுக்கு மேல் உயர்ந்த சம்மட்டியில் புதுப் பிடி பளிச்சென்று மின்னிற்று. சுவரோரத்தில், வண்ணம் காய்வதற்காகக் குட்டி நாற்காலிகள் வரிசையாக நின்றன.

“மச்சான், நிறுத்துங்க!”

“வாங்க மாப்ளே! கேட்டீங்களா சத்தத்தை? தாத்தா குரல் கேக்குது!”

“அதைக் கீழே வையுங்க. அது விரிசல் விட்டது.”

“யாரு சொன்னா?”

“உங்க தாத்தாவே சொல்லியிருக்காரு. பிறைன்னா தேறாததுன்னு அர்த்தம். அவரு செஞ்சவர் இல்ல, சோதிச்சவர். இதோ பாருங்க, இந்தப் பக்கம் அடிச்சா தேறினது, இந்தப் பக்கம் அடிச்சா தள்ளினது.”

மச்சான் கதவு முட்டைப் பார்த்தார். “இது அம்மா வீட்டுக் கதவுக்கு வைக்கிறதுதானே?”

“அதேதான்.”

“நல்லா இருக்கு மாப்ளே, கதை! போன வருஷம் எங்க தாத்தா பெரிய கொல்லர்னு நீங்கதான் எழுதினீங்க. நான் போர்டு மாட்டினேன். நாளைக்குக் காட்சி. இன்னைக்கு வந்து, அவரு குப்பை பொறுக்கி வெச்சவர்ங்கிறீங்க. நாளன்னைக்கு என்ன, அவரு எங்க தாத்தாவே இல்லைம்பீங்களா?”

“அண்ணே, அவரு சொல்றதைக் கொஞ்சம் கேளேன்” என்றார் மனைவி.

“நீ சும்மா இரு. ரெண்டு நாளா இதாலதான் அடிக்கிறேன். ஒரு குறை இல்ல.”

“குறை வெளியில இல்ல மச்சான், துளைக்குள்ள இருக்கு. பிடியைக் கழட்டுங்க, காட்டுறேன்.”

“இப்பத்தான் ஆப்பை மறுபடி இறுக்கினேன். கழட்டவா? விரிசலா இல்லையான்னு இரும்புகிட்டயே கேட்டுருவோம். ரெண்டு பேரும் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க.”

கண்ணாடிக்காரர் பாய்ந்து தடுப்பதற்குள் சம்மட்டி இறங்கிவிட்டது.

ஓசை டங் என்று வரவில்லை. பானை விரிந்தாற்போல் ‘டப்’ என்றது. ஏதோ ஒன்று அவர் காதருகே சீறிக்கொண்டு போயிற்று. அடுத்த நொடி மரம் முறியும் சத்தம். மச்சான் கையில் பிடி மட்டும் இருந்தது. சம்மட்டித் தலையின் ஒரு பாதி அவர் காலடியில் கிடந்தது.

மறுபாதியைத் தேடவேண்டியிருக்கவில்லை. குட்டி நாற்காலிகளின் வரிசையில் நடுவில் நின்ற ஒன்றின் முதுகுப்பலகை இரண்டாய்ப் பிளந்து தொங்கிற்று. பிளவுக்குள் எஃகுத் துண்டு குத்திட்டு நின்றது. அந்த நாற்காலியில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் அதன் முகம் எங்கே இருந்திருக்குமோ, சரியாக அங்கே.

மச்சான் மரத்தூள்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவி அந்த நாற்காலியருகே போய், தொடப்போனவர் தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் காலடியில் கிடந்த பாதியை எடுத்தார். பழக்கத்தினால் உருப்பெருக்கி கண்ணுக்குப் போயிற்று. ஆனால் இதைப் பார்க்க உருப்பெருக்கி தேவையில்லை. உடைந்த பரப்பில் ஓரத்துச் சிறு பகுதி மட்டும் சர்க்கரைபோல் வெள்ளையாக மின்னிற்று. அது இப்போது உடைந்தது. எஞ்சியதெல்லாம் கருகருவென்று இருந்தது. அது செய்த அன்றே உடைந்திருந்தது. அந்த வெள்ளை விளிம்பை நம்பித்தான் சம்மட்டி இத்தனை காலம் ஒன்றாக இருந்தது. அந்த விளிம்பை நம்பித்தான் நாளைக்குப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைக்க இருந்தார்கள். உட்காரவைக்க இருந்தவர் வேறு யாருமல்லர், அவரே.

“நான்தான் கொடுத்தேன்” என்றார். “யாரும் தொடக்கூடத் துணியலன்னு சொல்லிக் கொடுத்தேன். ஏன் தொடலன்னு ஒரு நிமிஷம் யோசிக்கல.”

மச்சான் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தமக்குத்தாமே பேசுவதுபோல், “தாத்தா அன்னைக்கே சொல்லிட்டாரு. பெருசா, இரும்புமேலயே அடிச்சுச் சொல்லிட்டாரு. நாமதான் அதை போர்டுல எழுதி மாட்டிக்கிட்டோம்” என்றார்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீடு திரும்பும்போது மாலை வெயில் இறங்கியிருந்தது. அவர் பிறைகளின் நடுவே தரையில் உட்கார்ந்தார். காட்சி அட்டைகள் அனைத்தையும் மாற்றி எழுதவேண்டும், ‘கொல்லர்’ என்றிருந்த இடத்தில் ‘சோதனைக்காரர்’, ‘உயர்ந்த படைப்பு’ என்றிருந்த இடத்தில் ‘தேறாதது, காரணம் இது’. கழித்த சாமான் தொழிலாளர் வீடுகளுக்குப் போவது எந்தத் தொழிற்சாலையிலும் உள்ளதுதான். கதவுக்கு வைக்க, வேலிக்குக் கட்ட. அதையும் எழுதலாம். மானம் போகும். போகட்டும், நாற்காலி காலியாக இருந்தபோது போயிற்றே, அது போதும். ஒன்றே ஒன்று அவருக்கு ஆறுதலாக இருந்தது. கொல்லர் இல்லையென்று ஆனாலும், தாத்தா சிறியவராகிவிடவில்லை. தள்ளவேண்டியதைத் தயங்காமல் தள்ளிய கை. அடித்த ஒவ்வொரு பிறைக்கும் ஒரு குறை உண்டு. காரணமில்லாமல் ஒன்றைக்கூட அவர் தள்ளவில்லை.

அப்போது மனைவி சமையலறையிலிருந்து வந்தார். கையில் அந்தக் கொட்டைச் சுத்தியல்.

“இதுலயும் பிறை இருக்கே. இத்தனை வருஷமா இதாலதான் தட்டிக்கிட்டு இருக்கேன். பாருங்க, எனக்கு இப்ப தொடவே பயமா இருக்கு.”

அவர் வாங்கிப் பிடியைத் தட்டிக் கழற்றினார். துளைக்குள் விளக்கடித்தார். பளபளப்பு. கோடில்லை. மறுபுறம் திருப்பிப் பார்த்தார். மடிப்பில்லை. நூலில் கட்டித் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினார். மணியோசைபோல் நீண்டு ஒலித்தது. முகத்தைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், துளை நேராக இருக்கிறதா என்று ஊசி நுழைத்துப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க வேண்டுமென்று அவர் இவ்வளவு ஆசைப்பட்டது வாழ்நாளில் இல்லை.

கடைசியாகக் குறியைப் பார்த்தார். இரட்டைக் குறி என்று எவ்வளவு பெருமையாக எழுதியிருந்தார்! பிறையின் விளிம்பு வட்டத்தின் கோட்டை வெட்டிக்கொண்டு சென்றது. அப்படியானால் வட்டம் முதலில் விழுந்தது. பிறை அதன்மேல் விழுந்தது. தேறியதாக அடித்துவிட்டு, பிறகு சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, தேறவில்லையென்று அடித்திருக்கிறார். ஒரு குறையும் இல்லாத ஒன்றை.

“என்னங்க, விரிசலா?”

அவர் நிமிர்ந்தார். ‘ஆமாம்’ என்றால் தாத்தாவின் கை சுத்தமாகிவிடும். மனைவி சுத்தியலை இழப்பார். ‘இல்லை’ என்றால் சுத்தியல் மிஞ்சும், தாத்தா மிஞ்சமாட்டார். ஒரு நாளில் ஒரு மனிதரை எத்தனை முறை இடிப்பது?

“இல்ல” என்றார். “ஒரு குறையும் இல்ல. எல்லாத்தையும்விட நல்ல சுத்தியல் இதுதான்.”

நாள்தோறும் முத்திரை குத்துகிறவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. புருவம் மெல்ல உயர்ந்தது.

“அப்போ... வீட்டுக்கு எடுத்துட்டு வரணும்னே...”

“ஆமா.”

“எங்க தாத்தாவா?”

“குறி அவருதுதான்.”

மனைவி அங்கேயே உட்கார்ந்தார். அன்று பகலில்கூட இவ்வளவு அதிராதவர் இப்போது அதிர்ந்திருந்தார். “இதை எழுதப்போறீங்களா?” என்று கேட்டார்.

“ஒரு தடவை தப்பா எழுதினதுக்கு இன்னைக்கு ஒரு நாற்காலி போச்சு. இனிமே பார்த்ததைத்தான் எழுதணும்.”

மனைவி பிடியை மாட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

மறுநாள் காலை, கூடம் நிறைந்திருந்தது. மரம் பிளப்பது இல்லை. மச்சான் உடைந்த நாற்காலியையே தோளில் தூக்கிவந்து நடுவில் வைத்து, சம்மட்டியின் இரு பாதிகளையும் அதன்மேல் பரப்பியிருந்தார். இரவோடிரவாக அவருக்குப் பெருமை மீண்டுவிட்டது. “எங்க தாத்தா தட்டிப் பார்க்காம ஒரு ஆணிகூட ஆத்தைத் தாண்டாது, தெரியுமா?” என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். போர்டை என்ன செய்வீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, “பிறையைச் சுத்தி ஒரு வட்டம் போட்டா முடிஞ்சுது” என்றார்.

மாமியார் வந்ததும் வராததுமாக மருமகனைப் பிடித்துக்கொண்டார். “மாப்பிள்ளை, ராத்திரி பூரா கதவு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. என் முட்டு எங்கே?”

அது நடுப்பெட்டியில், வண்ணமற்று, இரு முகமும் தெரிய அமர்ந்திருந்தது. அவர் விரிசல் விட்ட ஒரு கோடரித் தலையை எடுத்து மாமியார் கையில் கொடுத்தார்.

“இது நல்ல இரும்பா?”

“தள்ளினது அத்தை. கதவுக்குத் தாங்கும்.”

மாமியார் அதைக் கையில் எடைபார்த்துக்கொண்டே நடுப்பெட்டியருகே வந்தார். முட்டுக்குப் பக்கத்தில் வெற்றிடமும், அதன் முன்னே ஓர் அட்டையும் இருந்தன. “என்ன மாப்பிள்ளை, ஒண்ணுமே இல்லாத இடத்துக்குச் சீட்டு எழுதியிருக்கீங்க? படியுங்க, கண்ணாடி கொண்டுவரல.”

கண்ணாடிக்காரர் தயங்கினார். மனைவி படித்தார்: “சிறு சுத்தியல். முதலில் வட்டம், அதன்மேல் பிறை. குறை எதுவும் காணப்படவில்லை. பயன்பாட்டில் இருப்பதால் காட்சிக்கு வரவில்லை.”

மாமியார் ஒரு கணம் யோசித்தார். பிறகு அவர் வாயிலிருந்து வந்த சிரிப்பில் பக்கத்துப் பெட்டியருகே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தனர்.

“அதுவா! எங்க மாமியார் சொல்லிக் காட்டிக்கிட்டே இருப்பாங்களாம். ‘பேருதான் பெரிய கருவித் தொழிற்சாலை, வீட்டுல ஒரு கொட்டை உடைக்கக் கல்லைத் தேட வேண்டியிருக்கு’ன்னு. வருஷக்கணக்கா. ஒருநாள் மாமனார் பேசாம வந்து அதை மேசைமேல வெச்சாராம். எப்படிக் கிடைச்சுதுன்னு கேட்டதுக்கு, ‘தள்ளினது’ன்னு சொன்னாராம். சொல்லும்போது மூஞ்சியையே நிமிர்த்தலையாம்.”

கண்ணாடிக்காரர் அட்டையை மறுபடி பார்த்தார். அத்தனை ஆண்டுகள் அவர் கேட்டது, இதைச் செய்தவன் யார் என்று. யாருக்காக என்று கேட்க அவருக்குத் தோன்றியதே இல்லை.

“இதையும் சீட்டுல சேர்க்கவா?” என்று மனைவியைப் பார்த்தார்.

“வேண்டாம்” என்றார் மனைவி. “அதை நான் பாத்தேனா, நீங்க பாத்தீங்களா?”